சக்களத்தி நகரம்

"எனக்கொரு சக்களத்தி இருக்கா, அக்கா" என்றாள் சுகுணா.

மாதேஸ்வரி நோட்டைத் திறந்தாள். இந்தச் சொல்லோடு வருகிறவர்கள் மாதத்துக்கு நான்கு பேர். அடுத்துக் கேட்க வேண்டியவை அவளுக்கு மனப்பாடம்.

"பேரு?"

"பிராக்."

பேனா நின்றது. ஜன்னலோரம் நின்றிருந்த மெஹபூப் பாஷா திரும்பினான்.

"வடநாட்டுப் பொண்ணா?"

"ஊரு, பாய். ஐரோப்பாவுல இருக்குது. சினிமாவுல டூயட் பாட அங்கதான் போவாங்க."

"ஊருங்களா! அப்ப பின்னாடியே போக வேணாம் மேடம். அது எங்கயும் ஓடாது."

சுகுணா சிரிக்கவில்லை. மாதேஸ்வரி பாஷாவைப் பார்த்தாள். அவன் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மாதேஸ்வரி பதினெட்டு வருடம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருந்தவள். யார் எப்போது வந்தார், எப்போது போனார், என்ன பொய் சொன்னார் என்று பார்ப்பதே வேலை. இப்போது அதையே ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒரு செல்போன் கடையின் மாடியில், தனியார் துப்பறியும் ஆபீஸ் வைத்துச் செய்கிறாள். அவளுடைய உதவியாளன் பாஷா, முன்பு கிருஷ்ணகிரியில் சினிமா ஆபரேட்டராக இருந்தவன். தியேட்டர் கல்யாண மண்டபம் ஆனது. மணமக்களுக்கு ரீல் மாற்ற வேண்டியதில்லை என்று அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் சொல்கிற காரணம் அது.

சுகுணா அவர்களைப் பாகலூர் சாலையில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இரண்டு அறைகள். இரண்டிலும் எதுவும் இடம் மாறிக் கிடக்கவில்லை. ஸ்விட்சுகளுக்குக் கீழே பெயர் ஒட்டியிருந்தது. சீரக டப்பாவில் சீரகம் என்று எழுதியிருந்தது.

"எங்க வூட்டுக்காரரு வேல" என்றாள் சுகுணா.

சென்னகிருஷ்ணன், வயது ஐம்பத்தைந்து. சிப்காட்டில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் டூல் ரூம் சூப்பர்வைசர். ஒன்பது வருடங்களுக்கு முன் கம்பெனி அவரைப் பிராகுக்கு அனுப்பியது. இங்கே செய்த அச்சை அங்கே ஒரு தொழிற்சாலையில் பொருத்திக் கொடுக்கும் வேலை. மூன்று வாரம். அதன் பிறகும் இரண்டு முறை போனார்.

"போனவரு வேற, வந்தவரு வேற" என்றாள் சுகுணா. "மழ பேஞ்சா, அந்த ஊரு மழ மாதிரி வருமாங்கறாரு. கொழம்பு ஊத்துனா அந்த ஊரு சூப்பு ஞாபகம் வருது. சந்திரசூடேஸ்வரர் மலைக்குக் கூட்டிட்டுப் போனாரு. நான் சாமி கும்பிடறேன். அவுரு நின்னுக்கிட்டு, 'இதென்னா மலை, அங்க ஒரு கோட்ட இருக்குது பாரு'ங்கறாரு. எங்க கெலமங்கலத்துல அவுரு பேரே பிராக் கிருஷ்ணன். கல்யாணத்துக்குப் போனா சுத்தி உக்காந்து கத கேக்கறாங்க. நான் பந்தியில தனியாத் திங்கறேன்."

"போட்டோ காட்டுவாரா?" என்று கேட்டான் பாஷா.

"ஒன்னுகூட இல்ல. அங்க செல்போன வெளிய எடுத்தா புடுங்கிட்டுப் போயிடுவாங்களாம்."

"மூணு தடவ போயும் ஒரு செல்ஃபி இல்ல. நம்ம ஆளுங்க டோல்கேட்ல நின்னாலே எடுக்கறாங்க."

மாதேஸ்வரி அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இந்த வருடம் சென்னகிருஷ்ணனுக்குக் கம்பெனியில் முப்பது வருடம் நிறைந்தது. மனைவியோடு ஒரு வெளிநாட்டுப் பயணம் பரிசு. ஆண்டு விழா மேடையில் மைக் பிடித்தவர், சென்னகிருஷ்ணனுக்கு வேறெந்த ஊரைப் போடுவது என்று சிரித்துவிட்டு, பிராக் என்று அவரே அறிவித்தார். கூட்டம் கை தட்டியது.

"அவர் என்ன பண்ணாரு?"

"அவுரும் தட்டுனாரு."

சுகுணா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகை இல்லை. வேர்வைதான்.

"ஒம்போது வருஷமா அவ கதையவே கேட்டுட்டு இருக்கேன், அக்கா. ஒரே ஒரு தடவ நேர்ல போயி நின்னு, அப்படி என்னாத்தான் வெச்சிருக்கான்னு பாத்துடணும். நாளைக்குப் பத்து மணிக்குப் பெங்களூருல விசா ஆபீசு. என் பாஸ்போர்ட்டு இருக்குது. அவுரதக் காணோம். இத விட்டா அடுத்த தேதி ரெண்டு மாசம் கழிச்சு. டிக்கெட்டு அதுக்குள்ள போயிடும். கம்பெனி மறுபடி தராது."

"எப்ப இருந்து காணோம்?"

"ஞாயித்துக்கெழம. அன்னைக்கு டூல் ரூம் ஆளுங்களுக்கு விருந்து வெச்சோம். எட்டுப் பேரு வந்தாங்க. அதுல சிவராஜுன்னு ஒருத்தரு. மூணு தடவையும் அவரு பேருதான் மொதல்ல வந்துச்சாம். மூணு தடவையும் கடைசியில எங்க வூட்டுக்காரரத்தான் அனுப்புனாங்க. கறி திங்கும்போதே கண்ணு எரிஞ்சுது அந்தாளுக்கு. நான் பாத்தேன்."

மாதேஸ்வரிக்கும் லேசாக எரிந்தது. அவளிடமும் ஒரு பாஸ்போர்ட் உண்டு. பத்து வருடம் கழித்துக் காலாவதியானபோது ஒரு முத்திரைகூட அதில் விழுந்திருக்கவில்லை. தபால்காரர் கொடுத்தபடியே இருந்தது.

"உங்க வீட்டுக்காரரு போலீஸுக்குப் போகலையா?"

"ரெண்டு நாளா சோறே எறங்கல அவருக்கு. விடு, நம்ம தலையெழுத்துங்கறாரு."

சுகுணா பீரோவைத் திறந்தாள். கதவின் உட்புறம் ஒரு பலகை. கத்திரிக்கோல், டார்ச், ஸ்பேனர், சாவிகள், எல்லாம் ஆணியில் தொங்கின. ஒவ்வொன்றின் பின்னாலும் அதே வடிவத்தில் கருப்புப் பெயின்ட். ஒரு பொருளை எடுத்தால் அதன் நிழல் மட்டும் பலகையில் நிற்கும். கடைசி வரிசையில் இரண்டு நீள்சதுர நிழல்கள். ஒன்றின் மேல் சுகுணாவின் பாஸ்போர்ட் பை இருந்தது. மற்றதில் பை இல்லை. அந்த ஆணியில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு பித்தளை வட்டம் தொங்கியது. மாதேஸ்வரி அதைத் திருப்பினாள். 41.

"இது என்ன?"

"ஏதோ வாசருன்னு நெனச்சேன். இந்த வூட்டுல வாசருக்கா பஞ்சம்?"

மாதேஸ்வரி அதைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள்.

"அந்த எட்டுப் பேர்ல ஒருத்தர்தான்" என்றாள்.

*

கம்பெனியில் கருவிகள் கொடுக்கும் இடத்துக்கு டூல் கிரிப் என்று பெயர். கம்பி வலை போட்ட ஒரு ஜன்னல், அதன் பின்னால் கரியப்பன். டைம் ஆபீஸ் காலத்திலிருந்து மாதேஸ்வரிக்குத் தெரிந்தவர். வீட்டில் கன்னடம்.

"பன்னி மேடம், பன்னி."

"இருவது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்" என்றான் பாஷா. "வாங்கன்னுதான் கூப்புடறாருன்னு தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் வாங்குன மாதிரிதான் இருக்குது."

"உன்ன நான் கூப்புடவே இல்லப்பா" என்றார் கரியப்பன்.

மாதேஸ்வரி நேராக விஷயத்துக்கு வந்தாள். வலைக்குப் பின்னால், எட்டிய தூரத்தில், சுவர் முழுக்க நிழல் பலகைகள். சில நிழல்களின் மேல் கருவிகள். சிலவற்றின் மேல் சிறு வட்டங்கள்.

"அந்த டோக்கன் முறை இன்னும் இருக்கா?"

"அது இல்லன்னா நான் எப்பவோ செயிலுக்குப் போயிருப்பேன். ஒருத்தன் மைக்ரோமீட்டர் எடுக்கறானா, அந்த ஆணியில அவன் நம்பர் டோக்கன மாட்டணும். திருப்பிக் குடுத்துட்டு டோக்கன எடுத்துக்கணும். மாட்டிட்டு எடுத்தா வேல. மாட்டாம எடுத்தா திருட்டு."

"யாராவது மறந்து போறதுண்டா?"

"சேந்த புதுசுல மறப்பானுங்க. அஞ்சு வருஷம் ஆச்சுன்னா மறக்கணும்னு நெனச்சாலும் முடியாது. பாக்கெட்டுல இருந்து கையே எடுத்து மாட்டிடும். போன மாசம் ஒருத்தன் வூட்டுல டி.வி. ரிமோட்ட எடுத்துட்டு அங்க டோக்கன வெச்சிட்டு வந்துட்டான். பொண்டாட்டி கொண்டு வந்து குடுத்துட்டுப் போச்சு."

"நாப்பத்தொண்ணு யாரு?"

கரியப்பன் பலகைப் பட்டியலில் விரலை ஓட்டினார்.

"சிவராஜ்."

மாதேஸ்வரி பித்தளையை எடுத்துக் காட்டவில்லை. கையில் இருப்பதைக் காட்டிவிட்டால் எதிராளி அதற்கேற்பப் பேசுவான் என்பது அவள் பாடம். அன்றைக்கு அந்தப் பாடம் அவளுக்கு ஒரு மணி நேரம் செலவு வைத்தது.

வெளியே வந்ததும் பாஷா வண்டியின் மேல் உட்கார்ந்தான்.

"கேஸு முடிஞ்சுது. பிரியாணி திங்கப் போலாமா?"

"இல்ல."

"என்ன மேடம் இல்ல? டோக்கன் இருக்குது. ஆள் இருக்குது. வயித்தெரிச்சல் இருக்குது. இன்னும் என்ன, கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமா?"

"பொறாமையில எடுக்கறவன் பாஸ்போர்ட்ட அடுப்புல போடுவான். கிழிச்சுச் சாக்கடையில விடுவான். எடுத்தேன்னு நம்பரு மாட்டிட்டுப் போறவன், திருப்பி வெக்கணும்னு நெனச்சு எடுத்தவன்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எது?"

"அடுப்புல போடறது."

மாதேஸ்வரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சங்கு ஊதியது. முதல் ஷிப்ட் விட்டது.

*

சிவராஜ் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் இருந்தான். நாற்பது வயது. கல்லாவிப் பக்கம் மானாவாரி நிலத்தை அண்ணனிடம் விட்டுவிட்டு வந்தவன். சீருடையில் எண்ணெய்க் கறை இருந்தது. விரல்கள் சுத்தமாக இருந்தன. போனைத் துடைத்துத் துடைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பாஸ்போர்ட் என்றதும் அவன் டீயைக் கீழே வைத்தான்.

"அவுரு பாஸ்போர்ட்ட எடுத்து நான் என்னா பண்றது மேடம்? என் மூஞ்சிய ஒட்டிக்கிட்டுப் போறதா?"

"அவர் மேல பொறாம இல்லன்னு சொல்றீங்களா?"

"யாரு சொன்னா இல்லன்னு? ஒம்போது வருஷமா எரியுது. ராவுல மோர் குடிச்சுட்டுப் படுக்கறேன். எம் பேரு மூணு தடவ லிஸ்ட்டுல வந்துச்சு. மொதல் தடவ, அவரு சீனியருன்னாங்க. அடுத்த ரெண்டு தடவயும், 'சென்னகிருஷ்ணனுக்கு ஊரு பழக்கம், அவரே போகட்டும்'னுட்டாங்க. போகாதவனுக்கு எப்படி மேடம் பழக்கம் வரும்?"

"அதனால?"

"அதனால நானே பழகிக்கிட்டேன்."

அவன் போனைத் திருப்பிக் காட்டினான். வரைபடம். விரலால் தட்டினான். கல் பாவிய ஒரு தெரு விரிந்தது. விரல் நகர்ந்தது, தெரு நகர்ந்தது.

"தெனம் சாப்ட்டு அரை மணி நேரம் நடப்பேன்."

"எங்க?" என்றான் பாஷா.

"இங்கதான். இது பாலம். மொத்தம் முப்பது சிலை. இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் எண்ணிட்டேன். இருவத்திரெண்டாம் நம்பர் டிராம் ஏறுனா கோட்டைக்கு மேல எறக்கிவிடும், ஏற வேணாம், எறங்கி வந்தாப் போதும். ஆத்தங்கரையில அன்னப்பறவைங்க மேயும். இந்தச் சந்துல நேராப் போனா கதவு பூட்டியிருக்கும், இடது பக்கம் போகணும்."

அவன் குரல் மாறியிருந்தது. மாதேஸ்வரி போனைப் பார்த்தாள். அந்தச் சந்து ஈரமாக இருந்தது. ஒரு கணம் அவளுக்கும் இடது பக்கம் திரும்ப வேண்டும் போலிருந்தது.

"அவுரு சொன்ன எடமெல்லாம் ஒன்னொன்னாத் தேடுனேன்" என்றான் சிவராஜ். "கோட்ட இருந்துச்சு. மணிக்கூண்டு இருந்துச்சு. கடல்தான் கெடைக்கல."

"எந்தக் கடல்?"

"பாலத்துல இருந்து படி எறங்குனா வெள்ள மணலு, அப்படியே கடலுன்னு சொல்வாரு. ஆயிரம் தடவ சொல்லியிருக்காரு. ரெண்டு வருஷம் தேடுனேன் மேடம். போன்லதான் கோளாறுன்னு நெனச்சு புதுசு வாங்குனேன். அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்த நாட்டுக்கே கடல் கெடையாது."

பாஷா டீக்கிளாசை வாயிலிருந்து எடுத்தான்.

"அந்தப் பாலத்துல ஒருத்தன் வயலின் வாசிப்பானா?"

"ஆமா. அதும் சொல்வாரு."

"கண்ணு தெரியாதவன். நீலத் தொப்பி."

"உங்களுக்கு எப்படித் தெரியும், பாய்?"

"மூணு தடவ போனப்பவும் அங்கயே நின்னானா?"

"மூணு தடவையும். இவரப் பாத்ததும் தல ஆட்டுவானாம்."

பாஷா எழுந்து நின்றுவிட்டான். இத்தனை வருடத்தில் அவனை இவ்வளவு சந்தோஷமாக மாதேஸ்வரி பார்த்ததில்லை.

"அவன் துணை நடிகன், மேடம்! அடுத்த ரீல்லயே போலீஸா வருவான், கண்ணு நல்லாத் தெரியும். அறுவத்திரெண்டு நாள் ஓட்டியிருக்கேன் அந்தப் படத்த. பாலத்துல பல்லவி. படியில எறங்குவாங்க. கட். கடல்ல சரணம். பாக்கறவனுக்கு ஒரே ஊரு. நான் ரீல்ல ஒட்டுப் போட்டவன், எனக்குத் தெரியும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல ரெண்டு நாடு இருக்குது."

டீக்கடையில் யாரோ வடை கேட்டார்கள். மாதேஸ்வரிக்கு ஒலி தூரத்தில் கேட்டது.

"இத நீங்க ஏன் யாருக்கும் சொல்லல?" என்று சிவராஜைக் கேட்டாள்.

"சொன்னா என்னா சொல்வாங்க? சிவராஜுக்கு வயித்தெரிச்சல்னுவாங்க." அவன் போனைப் பைக்குள் வைத்தான். "வயித்தெரிச்சல்தான். அதுக்காகக் கடல் வந்துடுமா?"

இப்போதுதான் அவள் அந்தப் பித்தளையை எடுத்து பெஞ்சின் மேல் வைத்தாள். சிவராஜ் அதைப் பார்த்தான். பயப்படவில்லை. தன் மேல்சட்டைப் பையில் கைவிட்டு இன்னொரு வட்டத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதிலும் 41. ஆனால் இரும்பு.

"இதான் என்னுது. பத்து வருஷம் முன்னாடி எல்லாத்தையும் இரும்புல மாத்திட்டாங்க. நான் அப்பதான் டூல் ரூமுக்கு வந்தேன்."

"அப்ப பித்தளை?"

"எனக்கு முன்னாடி நாப்பத்தொண்ணு அவருதான். சூப்பர்வைசர் ஆனதும் நம்பர எனக்குக் குடுத்தாங்க, பழைய பித்தளைய அவரே பாக்கெட்டுல வெச்சுக்கிட்டாரு. மெஷினும் அவுரு விட்டது, நம்பரும் அவுரு விட்டது." சிவராஜ் இரும்பை எடுத்துக்கொண்டான். "அந்த ஊரு ஒன்னத்தான் விட மாட்டேங்கறாரு."

பாஷா பித்தளையைக் கையில் எடுத்து ஊதினான்.

"சொந்த வூட்டுல திருடிட்டு, ரசீதும் வெச்சிட்டு வந்திருக்காரு மனுஷன்."

*

சென்னகிருஷ்ணன் டூல் ரூமின் கோடியில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறையில் இருந்தார். மேசையில் திறக்காத சாப்பாட்டு டப்பா. மாதேஸ்வரி ஒன்றும் கேட்கவில்லை. பித்தளையை டப்பாவின் மேல் வைத்தாள்.

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வெறுமையைத் தொட்டது.

"ஞாயித்துக்கெழமையில இருந்து தேடறேன்" என்றார். "இது எங்க இருந்துச்சு?"

"பாஸ்போர்ட் ஆணியில."

அவர் அதைக் கையில் எடுத்தார்.

"கை மாட்டிட்டு வந்துடுச்சா?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரியவே தெரியாது, மேடம்."

அவர் எழுந்து வெளியே போனார். சுவரோரம் ஒரு சிவப்புப் பெட்டி. அளவு தப்பிய உருப்படிகளைப் போடுவது. தணிக்கைக்கு ஆள் வரும்வரை அதற்குள் யாரும் கைவிட மாட்டார்கள். அவர் கைவிட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட் வந்தது. அதற்கும் ஒரு சிவப்பு அட்டை கட்டியிருந்தார்.

"எத்தன தடவ ஊருக்குள்ள போனீங்க?" என்று கேட்டாள் மாதேஸ்வரி.

"ஒரு தடவ."

தொழிற்சாலை பிராகிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். முதல் முறை போனபோது, முதல் ஞாயிற்றுக்கிழமை, தனியாகக் கிளம்பினார். ஸ்டேஷன் வாசலில் ஒரு டிராம் நின்றது. ஏறினார். எழுத்து ஆங்கிலம் மாதிரி இருந்தது, ஆங்கிலம் இல்லை. டிக்கெட்டில் எங்கேயோ முத்திரை குத்த வேண்டுமாம். குத்தவில்லை. இரண்டு பேர் வந்து அவரை இறக்கி நடைபாதையில் நிறுத்தினார்கள். சத்தம் போட்டார்கள். அவரும் போட்டார், தாய்மொழியான தெலுங்கில். பயத்தில் அதுதான் வந்தது. ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அவர்கள் விட்டதும் அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டார்.

"அப்புறம் ரூம விட்டு எறங்கல. மத்த ரெண்டு தடவையும். தொழிற்சாலை, ரூமு. தொழிற்சாலை, ரூமு." அவர் சிவப்பு அட்டையை அவிழ்த்தார். "வந்து எறங்குனா, வூட்டு வாசல்ல முப்பது பேரு. அந்தப் பாட்டுல வருமே, அந்தப் பாலம் பாத்தியா, பாத்தியான்னு. என்னா சொல்றது? பாட்டச் சொன்னேன். நல்லா இருந்துச்சு. அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் சேத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே புடிச்சுப்போச்சு மேடம். சத்தியமா அந்த ஊருக்குத் திரும்பப் போகணும்னு ஆசைதான். ஆனா இவ வந்தா, பாலத்துல நின்னு, கடல் எங்கன்னு கேப்பா."

பாஷா வாயைத் திறந்தான். மாதேஸ்வரி தலையை அசைத்தாள். அவன் மூடிக்கொண்டான்.

"நான் எடுத்துட்டுப் போய்க் கொடுத்துட்டா கேஸ் முடிஞ்சுது" என்றாள் அவள். "எங்க கிடைச்சுதுன்னு அவங்க கேப்பாங்க. நான் பொய் சொல்றதில்ல. நீங்களே வந்து சொல்லிடுங்க."

"இன்னிக்கேவா?"

"விசா நாளைக்கு."

*

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டே சொன்னார். சுகுணா பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். பாஷாவும் மாதேஸ்வரியும் வாசலோரம் இருந்தார்கள். டீ கொடுத்துவிட்டதால் போகவும் முடியவில்லை.

"அந்த வயலின்காரன்?"

"சினிமா."

"எனக்கு ஒரு கண்ணாடிப் பொம்ம வாங்கிட்டு வந்தீங்களே? அந்தக் கடத்தெருவுல, ஒரு கெழவிகிட்ட."

"ஏர்போர்ட்டு."

"ஞாயித்துக்கெழம போன் பேசும்போது பின்னாடி மணி அடிக்குமே. மணிக்கூண்டுன்னு சொன்னீங்களே?"

சென்னகிருஷ்ணன் தரையைப் பார்த்தார்.

"ஓட்டல் லிஃப்ட்டு."

பாஷாவுக்கு இருமல் வந்தது. வெளியே போய் இருமினான்.

"ரெண்டு மணி நேரம் பேசுவீங்க" என்றாள் சுகுணா. "ஊரெல்லாம் சுத்திட்டு வந்தேன், காலு வலிக்குது, நீ சும்மா எதாவது பேசுன்னு."

"எங்கயும் சுத்தல. காலையில இருந்து அந்தப் போனுக்குத்தான் உக்காந்திருப்பேன்."

 மாதேஸ்வரி காத்திருந்தாள். கண்ணாடிப் பொம்மை பறக்கும் என்று நினைத்தாள். காலையிலிருந்து அவள் பொறாமைப்பட்டது இந்தப் பெண்ணைப் பார்த்துத்தான். இப்போது எதைப் பார்த்துப் படுவது என்று தெரியவில்லை. ஒன்பது வருடமாகக் கட்டிப் புரண்டு சண்டை போட்டுவிட்டு, எதிரில் ஆளே இல்லை என்று தெரிந்தவளின் முகம் அது. சிரிப்பா அழுகையா என்று அந்த முகத்துக்கே தெரியவில்லை.

கடைசியில் சுகுணா பாஸ்போர்ட்டைத் தன்னுடையதோடு சேர்த்து ஒரே பையில் போட்டாள்.

"நாளைக்குக் காலையில ஆறு மணி பஸ்ஸு" என்றாள். "நான் போறேன். நீங்களும் வரீங்க. அங்க எறங்குனா வழி யாருக்குத் தெரியும்?"

அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. டிராம்ல எங்க முத்திர குத்தறது? யாருக்குத் தெரியும்?"

"சிவராஜுக்குத் தெரியும்" என்றாள் மாதேஸ்வரி.

சென்னகிருஷ்ணனின் தலை நிமிர்ந்தது.

"அவனுக்கு என்னா தெரியும்? அவன் போனதே இல்ல."

"நம்பர் இருக்கா, அக்கா?" என்றாள் சுகுணா.

போனில் அவள் முதலில் மன்னிப்புக் கேட்டாள். எதற்கென்று சொல்லவில்லை. அப்புறம் ஒரு நோட்டை எடுத்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இருவத்திரெண்டு. எழுதிக்கிட்டேன் அண்ணா... ஏறுன ஒடனே மஞ்சப் பெட்டியா? சரி... கோட்டையில இருந்து எறங்கி வரணும், ஏறக் கூடாது... அய்யோ, அன்னப்பறவையா! கையில குடுத்தா வாங்குமா?"

அவள் சிரித்தாள். அன்று முழுவதும் கேட்காத சிரிப்பு. சென்னகிருஷ்ணன் உட்கார்ந்தார். எழுந்தார். ஃபேன் ஸ்விட்சை அணைத்துப் போட்டார்.

"ஸ்டேஷன் வாசல் எனக்கும் தெரியும்" என்றார்.

"சும்மா இருங்க. அவுரு சொல்லிட்டு இருக்காரு."

பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. இரண்டு பக்கம் நிறைந்தது. சென்னகிருஷ்ணன் மாதேஸ்வரியிடம் வந்தார்.

"எவ்ளோ நேரம் பேசுவான் அவன்?"

"ஒம்போது வருஷமாச் சேத்து வெச்சிருக்காரு" என்றான் வாசலில் இருந்து பாஷா.

அவர் மனைவியின் பின்னால் போய் நின்றார். தோளுக்கு மேலாக நோட்டை எட்டிப் பார்த்தார். சுகுணா ஒரு கோடு போட்டிருந்தாள். அதன் மேல் வரிசையாகச் சிறு புள்ளிகள், சிலைகளாக இருக்கலாம். பார்க்கிறார் என்று தெரிந்ததும் எழுதுவதை நிறுத்தாமலே இடது கையை வளைத்துப் பக்கத்தை மறைத்துக்கொண்டாள்.

மாதேஸ்வரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"அவன் சொல்ற பாலம் வேற" என்றார் சென்னகிருஷ்ணன். யாரும் அவரைக் கேட்கவில்லை.